புத்தூர்த் தொட்டியும் தொண்டைமானாற்று அரையிறுதியும்

வருகிற சனிக்கிழமை முதல் நீங்கள் முதலுதவிப் பயிலுநர்களாய் மைதானங்களுக்குப் போகப் போகிறீர்கள். கட்டுப் போடவும் ஐஸ் வைக்கவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை என்னைவிட வடிவாகச் செய்வார்கள். என்னிடம் கேட்டுக்கொண்டது வேறு. பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகளில் கோட்டுக்கு வெளியே முதலுதவிப் பையோடு இருந்தவள் என்ற முறையில், அங்கே என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்லச் சொன்னார்கள். இனி என் முழங்கால் ஓட விடாது. இந்த வருடத்தோடு பையை இறக்கி வைத்துவிட்டேன். ஆகவே கதைக்க நேரம் இருக்கிறது.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக இருந்தவள். ஓய்வு பெற்றதும் கனடாவில் இருக்கிற மகள் வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள். ஒரு குளிர்காலம் போய் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த நேரத்தில்தான் பாடசாலைப் போட்டிகளுக்கு முதலுதவி அணி ஒன்று தொடங்கி, பயிலுநர்கள் தேவை என்று கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்குப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொறுப்பாளர், ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், என் மகளைவிட இளையவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்ரி, நீங்கள் ஆரையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நான்தான் பயிலுநர்."

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மைதானத்தில் விழுந்த பிள்ளைகள் எங்கள் வார்ட்டுக்கு வரும்போது, வழியில் நாலு பேர் நாலு விதமாய்க் கைவைத்திருப்பார்கள். ஒருவர் இழுத்திருப்பார், ஒருவர் முறுக்கியிருப்பார், ஒருவர் தலையில் சோடா ஊற்றியிருப்பார். அவ்வளவு காலமும் நான் கதையின் முடிவைத்தான் பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும்போல் இருந்தது. அப்படியென்றால் வாங்கோ என்றார்.

முதல் போட்டி அரியாலையில். பதினான்கு வயதுக்குட்பட்ட பெடியள். நான் புதுத் தொப்பியும் புதுச் சப்பாத்துமாய்ப் போயிருந்தேன். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஒரு பெடியன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து, உயிர் போகிற மாதிரிக் கத்தினான். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நடுவர் கைகாட்டிக் கூப்பிட்டால்தான் உள்ளே போக வேண்டும் என்று படித்ததெல்லாம் மறந்துவிட்டது. பாதி வழியில்தான் விளங்கியது, ஆட்டம் நிற்கவில்லை. பந்தும் பத்துப் பதினைந்து பேரும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு கண்ணை மூடினேன். இரண்டு பக்கத்தாலும் ஓடிப் போனார்கள். கண்ணைத் திறந்தால், முழங்காலைப் பிடித்துக் கத்திய பெடியன், தனக்கு ஃபவுல் கிடைக்காது என்று தெரிந்ததும் எழும்பி, எல்லோரையும்விட வேகமாய்ப் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற சனம் கைதட்டியது. எனக்குத்தான்.

பொறுப்பாளர் ஏசவில்லை. பக்கத்தில் வந்து இருந்தார்.

"அன்ரி, வார்ட்டுக்கு வாற ஆள் வருத்தக்காரனாத்தான் வருவார். இஞ்சை எல்லாரும் சுகமாத்தான் வருவினம். அதை முதல் வடிவாப் பாருங்கோ. ஆர் எப்பிடி நடக்கிறான், எப்பிடி ஓடுறான், ஆர் வாய் மூடாமல் கதைக்கிறான். பந்தைப் பாக்காதேங்கோ. பந்துக்கு ஒண்டும் நடக்காது."

எனக்கு அது பெரிய புதினம். முப்பது வருடமும் நோயாளியை மட்டும் பார்த்துப் பழகிய கண். சுகமாய் இருக்கிற ஒருவனை உற்றுப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. அந்தப் பருவம் முழுவதும் நான் பழகியது அதைத்தான். யாராவது கோல் அடித்தால் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் ஆர் அடித்தது என்று கேட்பேன். ஆனால் ஒவ்வொரு பெடியனும் களைத்தால் எப்படி நிற்பான், கோபம் வந்தால் எப்படித் திரும்புவான் என்று சொல்லக்கூடியதாக வந்துவிட்டது.

அடுத்து நான் சொல்லப் போகிற இரண்டு சம்பவங்களும் ஒரே அணிக்கு நடந்தவை. வடமராட்சிப் பக்கத்துச் சின்னப் பாடசாலை ஒன்று. பெயர் வேண்டாம். பெரிய பாடசாலைகளோடு மோதி ஒருநாளும் அரையிறுதி பார்த்ததில்லை. அவர்களுடைய பயிற்சியாளர் அந்தப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர். எல்லோரும் மாஸ்ரர் என்பார்கள். தொண்டை எப்போதும் கட்டிப் போயிருக்கும். விடிய ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாய்ப் போய்ப் பெடியளை எழுப்பிப் பயிற்சிக்குக் கொண்டு வருகிற மனிதர். அந்த வருடம் அவர்கள் வென்றுகொண்டே வந்தார்கள்.

புத்தூரில் ஒரு பின்னேரம் அவர்களுக்குப் போட்டி. மழை கண்டு கனகாலம். செம்மண் மைதானம், நடந்தால் தூள் பறந்து கண்ணுக்குள் போகும். மைதானத்தின் ஒரு பக்க வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டம், பம்ப் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வெய்யிலுக்குள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்று பொறுப்பாளர் கேட்டுப் பார்த்தார். இருட்ட முதல் இரண்டாவது போட்டியையும் முடிக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இடையில் தண்ணீர் குடிக்க ஒரு தடவை நிறுத்தச் சம்மதித்தார்கள்.

அந்த அணியில் நிரோசன் என்று ஒரு தடுப்பாட்டக்காரன். ஓயாத வாய். முன்னுக்கு ஓடுகிறவனுக்குப் பின்னாலிருந்து புத்தி சொல்லுவான், நடுவருக்கும் சொல்லுவான். அவன் எங்கே நிற்கிறான் என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியபோது சத்தமில்லை. தேடினேன். அவன் மற்ற அணிக்காரருக்கு நடுவில் போய் நின்றான். சனம் சிரித்தது. ஒரு பெடியன் தோளில் பிடித்துத் திருப்பிவிட, இரண்டு அடி வைத்து, கள்ளுக் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாய்ச் சரிந்தான்.

இந்தத் தடவை நடுவர் கைகாட்டினார். நாங்கள் இருவரும் ஓடினோம். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. ஆனால் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. வெய்யில் அடித்துச் சுருண்டவர்களுக்குத் தோல் காய்ந்து போயிருக்கும் என்றுதான் நான் வார்ட்டில் கண்டிருந்தேன். அதனால் ஒரு கணம் தடுமாறினேன்.

"வேர்த்தாலும் உது அதுதான் அன்ரி," என்றார் பொறுப்பாளர். "ஓடி ஓடிச் சூடேறினவைக்கு வேர்க்கும்."

அவர் நிரோசனிடம் பெயரைக் கேட்டார். அவன் அவருடைய கையைத் தட்டிவிட்டு, ஊத்தை வார்த்தையால் ஏசினான். ஆசிரியர்களுக்கு முன்னால் அப்படி வாய் விடுகிற பிள்ளை இல்லை அவன்.

அதற்குள் மாஸ்ரர் வந்துவிட்டார். பின்னால் ஒரு கூட்டம். யாரோ ஒரு வான் வண்டியைப் பின்பக்கமாய் மைதானத்துக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டார்கள். "தூக்குங்கோ, தூக்குங்கோ, ஆஸ்பத்திரிக்கு!" நாலைந்து பேர் அவனுடைய கையிலும் காலிலும் பிடித்துவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் முதலில் வந்த எண்ணம் அதுதான். நான் ஆஸ்பத்திரியில் வளர்ந்தவள். வருத்தம் என்றால் வாகனத்தில் ஏற்று என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

பொறுப்பாளர் எழும்பி நின்றார். "ஏத்தாதேங்கோ. முதல் ஆளைக் குளிராக்க வேணும். அம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, அது வரட்டும். பக்கத்திலை தோட்டத்துத் தொட்டி இருக்கு, தண்ணிக்குள்ளை இறக்குவம்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?" என்றார் மாஸ்ரர். "பெடியனுக்கு அறிவு மாறிக்கொண்டு போகுது, நீ குளிப்பாட்டப் போறியோ? விலகு!"

பொறுப்பாளர் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வயதுகூட ஆகாத, மெல்லிய, சின்னக் குரல் பெண். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று விளங்கியது. என்னுடைய நரைமயிரைக் கேட்கிறார்.

யோசிக்க நேரமில்லை. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எங்கள் இருவரில் இந்த வருத்தத்தைப் படித்தவள் யார்? அவள். முடிவெடுத்தவள் யார்? அவள். அப்படியென்றால் நான் செய்ய வேண்டியது, அந்த முடிவு நடக்கும்படி பார்ப்பது. வானின் கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாஸ்ரர், நான் முப்பது வருசம் ஆஸ்பத்திரியிலை வேலை செய்தனான். இப்ப ஏத்தினால் போய்ச் சேருமட்டும் உவன்ரை உடம்பு வேகும். தண்ணிக்குள்ளை இறக்குங்கோ. பிழையாப் போனால் என்னைக் கேளுங்கோ."

மாஸ்ரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு பெடியனின் தோள்களுக்குக் கீழே கையைக் கொடுத்து, வேலிப் பக்கம் திரும்பினார்.

தோட்டக்காரர் அதற்குள் விசயத்தை விளங்கிக்கொண்டு வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இஞ்சாலை, இஞ்சாலை! பம்பை நிப்பாட்டேல்லை, தண்ணி வந்துகொண்டிருக்கு!" சப்பாத்தைக் கழற்றி, சட்டையைக் கிழித்து, கழுத்துமட்டும் தொட்டிக்குள் இறக்கினோம். நான் சேலையோடு உள்ளே இறங்கி, அவனுடைய தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவன் முழங்கையால் என் தாடையில் இடித்தான். பொறுப்பாளர் தண்ணீரைக் கலக்கிக் கொண்டே இருந்தார். வாசலில் நின்ற ஐஸ்கிறீம் வான்காரர் தன்னிடம் இருந்த ஐஸ் முழுவதையும் பெட்டியோடு தூக்கிவந்து கொட்டினார். யாரோ ஒருவர் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தார். நினைவு சரியாய்த் திரும்புகிறவரை வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம்.

பிறகு காத்திருப்பு. அதுதான் கடினம். தண்ணீருக்குள் வைத்த பிறகு செய்ய வேறொன்றும் இல்லை. சனம் தொட்டியைச் சுற்றி நின்று எங்களைப் பார்த்தது. நாங்கள் செய்வது பிழையென்றால் அத்தனை பேரும் சாட்சி.

நிரோசன் இடிப்பதை விட்டான். பிறகு அம்மா என்று அழுதான். கொஞ்சம் கழித்து, என் தோளில் கிடந்தபடியே, "அன்ரி, ஏன் நீங்கள் நனைஞ்சுபோய் இருக்கிறியள்?" என்றான்.

பெயரைக் கேட்டோம், சொன்னான். பாடசாலையைக் கேட்டோம், சொன்னான். பிறகு தலையைத் திருப்பி மாஸ்ரரைத் தேடி, "சேர், அந்தக் கோனர் கிக்குக்கு ஒருத்தரும் போஸ்ட்டிலை நிக்கேல்லை, நான் சொன்னனான் எல்லே," என்றான். மாஸ்ரர் தொட்டியின் விளிம்பில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. சில நாள் வைத்திருந்து சோதித்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். தண்ணீரில் போட்டுவிட்டு அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று என்று வைத்தியர் அவனுடைய தகப்பனிடம் சொன்னாராம். அன்று முதல் மாஸ்ரர் எங்களைக் கண்டால் எழும்பி நின்று கதைப்பார். மைதானத்துக்கு வந்ததும் எனக்கு நிழலில் கதிரை போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

அப்படிப்பட்ட மனிதரோடுதான் அடுத்த மாதம் நான் மோத வேண்டி வந்தது.

அரையிறுதி தொண்டைமானாற்றில். கடற்காற்று பலமாய் அடிக்கும் மைதானம், உயர அடிக்கிற பந்து எங்கே போய் விழும் என்று சொல்ல ஏலாது. அதே நேரத்தில் வேறு இடத்தில் இன்னொரு போட்டி. பொறுப்பாளர் அங்கே போக, இங்கே நான் தனி. கொழும்பிலிருந்து இளையோர் அணிக்கு ஆள் தெரிவு செய்ய ஒருவர் வந்து முன்வரிசையில் இருந்தார். அவர் அனோஜனைத்தான் பார்க்க வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அனோஜன் மாஸ்ரருடைய அணியின் தலைவன். அமைதியான, நெடுத்த பெடியன். இடைவேளைக்கு முதல் அவன் ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தியிருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பந்துக்கு அவனும் மற்ற அணிப் பெடியன் ஒருவனும் ஒன்றாய் எழும்பினார்கள். இரண்டு தலையும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவன் நெற்றியைத் தடவிக்கொண்டு எழும்பினான். அனோஜன் கொஞ்சம் பிந்தி எழும்பினான். நடுவர் கூப்பிட, போனேன். அவன் நேராய்த்தான் நின்றான், என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்டும் இல்லை அன்ரி. இப்ப எத்தினை கோல்?"

"ஒண்டுக்கு ஒண்டு."

கழுத்தையும் கண்ணையும் பார்த்தேன். குறிப்பாய் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினான். நிமிர்ந்தான்.

"இப்ப எத்தினை கோல்?"

சொன்னேன். தலையாட்டினான். கோட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். வந்ததும் மாஸ்ரரிடம் கேட்டான்: "சேர், எத்தினை கோல்?"

எனக்கு அது போதும். நான் அவனைக் கதிரையில் இருத்தி, காலிலிருந்து ஒரு சப்பாத்தைக் கழற்றி, என் பைக்குள் போட்டுப் பூட்டினேன். தலையில் அடிபட்ட பிள்ளை நீங்கள் மறுபக்கம் திரும்புகிற நேரத்தில் உள்ளே ஓடிவிடும். ஒற்றைச் சப்பாத்தோடு ஓடாது.

"மாஸ்ரர், ஆளை மாத்துங்கோ. இண்டைக்கு இவன் இனி விளையாட ஏலாது."

அவர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

"மிஸ், அண்டைக்குப் புத்தூரிலை நீங்கள் சொன்னதை நான் கேட்டனான். இண்டைக்கு நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ. பெடியன் நிக்கிறான், நடக்கிறான், கதைக்கிறான். உந்தக் கொழும்பு மனுசன் இன்னொருக்கா இஞ்சாலை வராது. இந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையிலை வேறை என்ன கிடைக்கப் போகுது? ஒரு பத்து நிமிசம் விடுங்கோ. சரியில்லாட்டி நானே கூப்பிடுறன்."

புத்தூரில் எனக்கு எதிரே நின்றது பயம். பயந்த மனிதரைத் தள்ளிவிட்டு வேலை செய்யலாம். இங்கே என்னிடம் கேட்டது ஒரு நல்ல மனிதர், என்னை நம்பியவர், தனக்காக இல்லாமல் பிள்ளைக்காகக் கேட்கிறார். நீங்களும் ஒருநாள் இப்படி ஒருவருக்கு முன்னால் நிற்பீர்கள். அந்த நேரம் உங்கள் மனம் கணக்குப் போடத் தொடங்கும்: பத்து நிமிடம்தானே, அநேகமாய் ஒன்றும் நடக்காது. எனக்கும் போட்டது. அநேகமாய் ஒன்றும் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு அடி அதே தலையில் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் வார்ட்டில் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

"ஏலாது மாஸ்ரர்," என்றேன். "நீங்கள் என்னோடை கதைக்காமல் விட்டாலும் ஏலாது."

அவர் போய் ஆளை மாற்றினார். அனோஜன் அழுதான். "நீங்கள் ஆர் என்னை நிப்பாட்ட? என்ரை சப்பாத்தைத் தாங்கோ!" என்று என் பையை இழுத்தான். பின்னாலிருந்து யாரோ, "கிழவிக்கு புட்போலைப் பற்றி என்ன தெரியும்?" என்று கத்த, சிரிப்பும் கூச்சலும். கொழும்பிலிருந்து வந்தவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போனார். கடைசியில் அவர்கள் ஒரு கோலால் தோற்றார்கள்.

அனோஜனுடைய தாய் கூட்டத்துக்குள்ளிருந்து குடையும் கையுமாய் ஓடி வந்தார். "மிஸ், உண்மையாச் சொல்லுங்கோ, பயப்பிட ஒண்டும் இல்லைத்தானே?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்த முகத்துக்கு வேறெதையும் சொல்ல மனம் வராது. ஆனால் எனக்குத் தெரியாதே. "தெரியாது அம்மா. தெரியாததாலைதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுறன். நானும் வாறன்," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்று சொன்ன ஆளை அவர் நம்பியதுதான் எனக்கு அதிசயம்.

ஸ்கான் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் கதை வேறு மாதிரிப் பரவியது. ஒன்றும் இல்லாத பெடியனைப் பிடித்து இருத்தி, ஒரு பாடசாலையின் அரையிறுதியையும் ஒரு பிள்ளையின் வாய்ப்பையும் கெடுத்தவள் நான் என்று சொன்னார்கள். கோயிலில் ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டார். இளையோர் அணிக்குத் தெரிவான பெயர்களில் அனோஜன் இல்லை. மாஸ்ரர் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பினார்.

பொறுப்பாளர் ஒருநாள் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். நான் செய்தது சரியா என்று கேட்டேன்.

"சரி அன்ரி."

"அப்ப ஏன் எனக்கு இப்பிடி இருக்கு?"

"புத்தூரிலை நாங்கள் செய்ததை எல்லாரும் கண்ணாலை கண்டவை. தொண்டைமானாற்றிலை செய்ததை ஒருத்தரும் காண ஏலாது. நடக்காமல் போனதை ஆர் காணிறது? நீங்கள் ஏச்சு வாங்கிறியள், அவன் வீட்டிலை சோறு தின்னுறான். எனக்கு அது போதும்."

எனக்கு அன்று அது போதவில்லை. உங்களில் சிலருக்கும் போதாது. பரவாயில்லை, அந்தக் கவலையோடும் அடுத்த சனிக்கிழமை போகலாம். நான் போனேன்.

பல கிழமை கழித்து அனோஜன் திரும்ப விளையாடலாமா என்று பார்க்க எங்களிடம் வந்தான். பொறுப்பாளர் ஓடவிட்டு, குனியவிட்டு, கேள்விகள் கேட்டு, இனி மெல்ல மெல்லத் தொடங்கலாம் என்றார். அவன் போகாமல் என் மேசைக்கு முன்னால் நின்றான். என்மேல் இன்னும் கோபம் என்றுதான் நினைத்தேன்.

"அன்ரி, ஒண்டு கேக்கவோ? அண்டைக்கு நான் கோல் அடிச்சனானாம். எல்லாரும் சொல்லுகினம். எனக்கு ஞாபகம் இல்லை. இடைவேளைக்கு முதல் ஒண்டும் ஞாபகம் இல்லை. நான் ஆரிட்டையும் சொல்லேல்லை." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "எப்பிடி அடிச்சனான்?"

என்னிடம் வந்து கேட்கிறான், பந்தைப் பார்க்காதவளிடம்.

"பந்து எப்பிடிப் போனது எண்டு எனக்குத் தெரியாது மோனை," என்றேன். "நீ எப்பிடி ஓடினாய் எண்டு தெரியும். இடக்கைப் பக்கமா நிண்ட நீ, ஒருத்தரும் பாக்காத நேரம் மெல்ல நடந்தாய். பிறகு தலையைக் குனிஞ்சுகொண்டு ஒரே ஓட்டம். கடைசி நேரம் வலக்காலை ஊண்டித் திரும்பினாய். அடிச்சுப்போட்டுச் சத்தம் போடேல்லை. உன்ரை அம்மா எங்கை நிக்கிறா எண்டு தேடிப் பாத்தாய். பிறகுதான் சிரிச்சாய்."

அவன் திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன். கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு உண்மையாவே அடிபட்டிருக்கு, என்ன?" என்றான். அதை அவனே போய் மாஸ்ரரிடம் சொல்லியிருக்கிறான். மாஸ்ரர் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த பருவத்தில் தென்மராட்சிப் பக்கம் ஒரு போட்டி. கால் இறுதி. அதே அணி, அனோஜன்தான் தலைவன். மழைக்குப் பிறகு மைதானம் சறுக்கியது. ஆட்டம் முடிய அதிக நேரம் இல்லாதபோது அவர்களுடைய அணியில் ஆகச் சின்னப் பெடியன், வலப்பக்கம் ஓடுகிறவன், சறுக்கிப் போய்க் கோல் கம்பத்தில் தலையை இடித்தான். உடனே எழும்பியும் விட்டான். பந்து மற்றப் பக்கம் போய்விட்டது. நடுவரும் பந்தோடு போய்விட்டார். நான் கதிரையிலிருந்து எழும்பினேன். உள்ளே ஓட ஏலாது, நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். அவர் காணவில்லை.

அனோஜன் கண்டான். பந்துக்குப் போகிற வழியில் நின்று, திரும்பி வந்து, அந்தப் பெடியனின் முகத்துக்கு நேரே குனிந்து ஏதோ கேட்டான். பெடியன் சொன்ன பதில் அவனுக்குப் பிடிக்கவில்லைப் போலும். மணிக்கட்டில் பிடித்து, ஆட்டம் நடக்க நடக்கவே, கோட்டை நோக்கிக் கூட்டிக்கொண்டு வந்தான். சமநிலையில் இருந்த ஆட்டம். அவர்கள் அங்கே ஒன்பது பேராய் நின்று தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மாஸ்ரர் பக்கம் திரும்பினேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் திரும்பினேன். அவருக்குப் பக்கத்தில் மாற்று ஆட்டக்காரன் ஏற்கெனவே மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, உள்ளே போக நின்றான்.

"இருங்கோ மிஸ்," என்றார் மாஸ்ரர், அதே கட்டிய தொண்டையால். "ஆள் மாத்தியாச்சு. நீங்கள் பெடியனைப் பாருங்கோ."

அனோஜன் பெடியனை என்னிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். பெடியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சேர், எனக்கு ஒண்டும் இல்லை! நான் விளையாடுவன் சேர்!"

மாஸ்ரர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, அவனுடைய தோளைத் தடவினார்.

"இரு மோனை. அடுத்த மட்ச் இருக்கு."

நான் என் கதிரையை அவனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவனுடைய பெயரைக் கேட்டேன்.